சிவப்பு மணிக்கு யார் பொறுப்பு?

ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. பல்லாங்குழிப் பலகைக்குக் கைப்பிடி வைத்தது போல ஒரு பலகை. அதில் 50 சின்னக் குழிகள். பெட்டிக்குள் விட்டு எடுத்தால் குழிக்கு ஒன்றாக 50 மணிகள் ஏறி வரும். வெள்ளை மணி நல்ல சரக்கு. சிவப்பு மணி ரிஜெக்ட்.

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், தன் நான்கு நாள் பயிலரங்குகளில் இந்தப் பெட்டியை வைத்து ஒரு நாடகமே நடத்துவார். கூட்டத்திலிருந்து 6 பேரை மேடைக்குக் கூப்பிடுவார், அவர்கள் தொழிலாளிகள். இரண்டு பேர் இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்கு மேல் ஒரு தலைமை இன்ஸ்பெக்டர், கணக்கெழுத ஒருவர். டெமிங்தான் ஃபோர்மேன். பலகையை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எப்படி அள்ளுவது என்று முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகு வேலை தொடங்கும். ஒருவருக்கு, உதாரணத்துக்கு, 14 சிவப்பு வந்தால் திட்டு விழும். அடுத்தவருக்கு 6 வந்தால், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாராட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே 12 வரும். ஊக்கத்தொகை கொடுத்ததும் அலட்சியம் வந்துவிட்டது என்று ஃபோர்மேன் முகம் சுளிப்பார். கோஷங்கள் ஒட்டப்படும். கடைசியில் 'மோசமான' மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'சிறந்த' மூன்று பேரை இரட்டை ஷிஃப்ட் பார்க்கச் சொல்வார். அப்போதும் சிவப்பு மணி குறையாது. ஆலையை மூடிவிடுவார்கள்.

வேடிக்கையான நாடகம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பெட்டியில் ஐந்தில் ஒரு மணி சிவப்பு. எனவே 50 மணிகளை அள்ளினால் சராசரியாக 10 சிவப்பு வரும். ஒவ்வொரு தடவையும் சரியாக 10 வராது, ஏறி இறங்கும். எவ்வளவு தூரம் ஏறி இறங்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம்: திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சாதாரணமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 2.8 அளவு, அதன் மூன்று மடங்கை இரண்டு பக்கமும் விட்டால் ஏறத்தாழ 2 முதல் 18 வரை. இந்த எல்லைக்குள் வருவது எல்லாம் பெட்டியின் வேலை. 6 வந்தவர் கெட்டிக்காரரும் இல்லை, 14 வந்தவர் சோம்பேறியும் இல்லை. சிவப்பு மணி குறைய வேண்டுமென்றால் பெட்டிக்குள் சிவப்பு மணி வருவதைக் குறைக்க வேண்டும். அது சரக்கு வாங்குகிற மேலாளரின் கையில் இருக்கிறதே தவிர, பலகை பிடித்தவர் கையில் இல்லை.

நம் ஊர் நிறுவனங்களில் ஏதாவது தவறு நடந்தால் வருகிற முதல் கேள்வி, "யார் பண்ணினது?" என்பது. தர மேம்பாடு என்ற பெயரில் கடந்த நூறு வருடங்களாக நடந்திருப்பதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கான போராட்டம் என்பேன்.

இந்தக் கதை 1924-இல் தொடங்குகிறது. டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் இருந்தார். அந்தக் காலத்துத் தரக்கட்டுப்பாடு என்றால், எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் கூட்டம் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதுதான். 1924 மே 16 அன்று ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதில் ஒரு எளிய வரைபடம்: அளந்த எண்கள் வரிசையாகப் புள்ளிகளாக, நடுவில் சராசரிக் கோடு, மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒரு எல்லைக்கோடு. இன்று தொழிற்சாலைகளில் 'கன்ட்ரோல் சார்ட்' என்று சுவரில் தொங்குவது அதுதான்.

கோடுகளுக்குள் ஏறி இறங்குவதைப் பொதுக் காரணங்களின் விளைவு என்று சொல்லலாம். மூலப்பொருள், மெஷினின் தன்மை, வெளிச்சம், வேலை சொல்லிக்கொடுத்த விதம் என எல்லாம் கலந்து உண்டாக்கும் இயல்பான ஆட்டம் அது. கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி போனால் அங்கே தனிக் காரணம் ஏதோ இருக்கிறது; டூல் உடைந்திருக்கலாம், புதுச் சரக்கு மாறி வந்திருக்கலாம். அப்போது போய்த் தேடினால் அகப்படும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு வகை நஷ்டம். தனிக் காரணத்தைக் கவனிக்காமல் விடுவது ஒன்று. இயல்பான ஆட்டத்துக்கு ஒரு குற்றவாளியைத் தேடி அலைவது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் நம் வியாதி என்று நினைக்கிறேன்.

லேத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பீஸ் கொஞ்சம் பெரிதாக வந்ததும் அந்த அளவுக்கு செட்டிங்கைக் குறைப்பது, அடுத்தது சிறிதாக வந்ததும் அதே அளவுக்குக் கூட்டுவது என்று ஒவ்வொரு பீஸுக்கும் திருகிக்கொண்டே இருந்தால், அளவு நேராகாது. சிதறல் கூடத்தான் செய்யும். இப்படிச் செய்தால் திட்டவிலக்கம் சுமார் 1.4 மடங்காகும் என்பது நிரூபிக்கப்பட்ட கணக்கு. கையை வைக்காமல் விட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். பொதுத்தேர்வு முடிவு வந்ததும், போன வருடத்தைவிடத் தேர்ச்சி விகிதம் அரை சதவீதம் குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் இதே திருகல்தான். அடுத்த வருடம் விகிதம் தானாகவே பழைய இடத்துக்கு ஏறும். அதிகாரி, தான் போட்ட சத்தத்தால்தான் ஏறியது என்று முடிவு செய்துவிடுவார். திட்டினால் பலன் உண்டு என்ற நம்பிக்கை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக உறுதிப்படுகிறது.

டெமிங் 1925, 1926 கோடை விடுமுறைகளில் இதே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில் வேலை பார்த்தவர். பிறகு ஷூஹார்ட்டைச் சந்தித்து, அவர் வழியில் நடந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க எஞ்சினியர்களுக்குக் கன்ட்ரோல் சார்ட் சொல்லிக்கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அது மறைந்து போனது. எஞ்சினியர்களுக்குத்தான் சொன்னோம், முதலாளிகளுக்குச் சொல்லவில்லை என்று டெமிங் காரணம் கண்டார். பெட்டியில் உள்ள மணியை மாற்றும் அதிகாரம் எஞ்சினியருக்கு இல்லையே!

அதனால்தான் 1950-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் பொறியாளர்கள் ஒன்றியம் அவரை அழைத்தபோது, வகுப்பெடுத்ததோடு நில்லாமல் பெரிய நிறுவனங்களின் தலைவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். அந்தக் காலத்தில் ஜப்பானியச் சரக்கு என்றால் உலகத்துக்கே மலிவுச் சரக்கு. கேட்டவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, கேட்டார்கள். தன் உரைகள் புத்தகமானபோது வந்த பணத்தை டெமிங் வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்து ஒன்றியம் 1951-இல் ஒரு விருதை ஏற்படுத்தியது. அதுதான் டெமிங் விருது. 1954-இல் ஜோசஃப் ஜுரான் என்ற அமெரிக்கத் தர வல்லுநர் வந்து, தரம் என்பது நிர்வாகத்தின் வேலை என்பதை இன்னும் அழுத்திச் சொன்னார்.

இவர்கள் கொடுத்த விதை ஒன்று, ஜப்பானியர் வளர்த்த மரம் வேறு. கவோரு இஷிகாவா என்ற பேராசிரியர், புள்ளியியலைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டு போனார். காரணங்களைக் கிளை கிளையாக வரைந்து பார்க்கும் மீன்முள் படம் அவருடையது. 1962 முதல் ஃபோர்மேனும் தொழிலாளிகளும் சின்னச் சின்னக் குழுவாகக் கூடித் தங்கள் வேலையில் உள்ள தொல்லையைத் தாங்களே ஆராய்கிற 'குவாலிட்டி சர்க்கிள்' பரவியது.

அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1961-இல் யமாடா எலெக்ட்ரிக் ஆலைக்குப் போன கதை. அங்கே ஒரு சுவிட்ச் பூட்டுவார்கள். இரண்டு பட்டன், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். அவ்வளவு எளிய வேலை. ஆனால் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார்கள். சுவிட்ச் வாடிக்கையாளரிடம் போய் மானம் போகும். நிர்வாகம் கூப்பிட்டுத் திட்டும், கொஞ்ச நாள் சரியாக இருக்கும், மறுபடி மறக்கும். ஷிங்கோ செய்தது இதுதான்: ஒரு சின்னத் தட்டு வைக்கச் சொன்னார். வேலையைத் தொடங்குமுன் டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போட வேண்டும். பிறகு தட்டில் இருப்பதை எடுத்துப் பூட்ட வேண்டும். பூட்டி முடித்த பிறகு தட்டில் ஸ்பிரிங் மிச்சமிருந்தால் மறந்துவிட்டோம் என்று தெரியும். தட்டு ஒன்று, செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மறக்காதே என்று மனிதனிடம் சொல்வதற்குப் பதிலாக, மறந்தால் உடனே தெரியும்படி வேலையை மாற்றியாயிற்று.

இந்த முறைக்கு முதலில் வைத்த பெயர் 'பாக்கா யோக்கே'. முட்டாள் செய்தாலும் தப்பாகாதது என்று பொருள். 1963-இல் ஒரு கார் பாடி ஆலையில் இதை அறிமுகப்படுத்தியபோது ஒரு பெண் தொழிலாளி, நான் என்ன முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை மாற்றினார்: 'போக்கா யோக்கே', கவனப்பிசகைத் தடுப்பது. எழுத்து ஒன்றுதான் மாறியது.

சரி, சென்னைக்கு வருவோம். பாடி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு லூகாஸ் என்பது நிறுத்தத்தின் பெயர். அந்தத் தொழிற்பேட்டைச் சூழலில் 1962-இல், பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டுறவோடு தொடங்கியது சுந்தரம் கிளேட்டன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்தது. இந்த நிறுவனத்தின் பிரேக் பிரிவுதான் 1998-இல் டெமிங் விருது பெற்றது; இந்தியாவிலேயே முதல். 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் டிவிஎஸ் மோட்டார், 2003-இல் பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி பிரிவும் ரானே பிரேக் லைனிங்ஸும், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ். வரிசையாக ஒரே வட்டாரத்து நிறுவனங்கள். அதிலும் பெரும்பாலும் பிரேக் செய்கிறவர்கள். பிரேக்கில் தப்பு வந்தால் ரிஜெக்ஷன் கணக்கோடு முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் காலம்தான் பெரிய காரணம். 1980-களுக்கு முன்னால் இந்தியாவில் ஸ்கூட்டருக்குப் பெயர் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டி எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்கிறபோது தரத்துக்கு மெனக்கெட யாருக்கு அவசியம்? 1980-களில் சுசூகியும் ஹோண்டாவும் கூட்டு நிறுவனங்களாக உள்ளே வந்தன. ஓசூரில் டிவிஎஸ் சுசூகியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்தது. ஜப்பானியர் எதிர்பார்க்கும் உதிரிப்பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று சப்ளையர்கள் நேரில் பார்த்தார்கள். 1991-இல் பொருளாதாரம் தாராளமயமான பிறகு கதவு முழுசாகத் திறந்தது. வேணு சீனிவாசன் தலைமையில் சுந்தரம் கிளேட்டன், யோஷிகாசு ட்சுடா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்களைக் கொண்டுவந்து வருடக்கணக்கில் பாடம் கேட்டது. 2001-இல் சுசூகியோடு உறவு முறிந்தபோது டிவிஎஸ் மோட்டார் சொந்தமாக வடிவமைத்த விக்டர் மோட்டார் சைக்கிளோடு சந்தையில் நின்றது. அடுத்த வருடமே டெமிங் விருது.

விருதுக்கான முறையும் கொஞ்சம் விசேஷமானது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. தகுதி எட்டியவர்கள் எல்லோருக்கும் கொடுப்பார்கள், எட்டவில்லையென்றால் யாருக்கும் இல்லை. நிறுவனம் தன் நடைமுறைகளை விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தேர்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். தலைவரையும் கேட்பார்கள், ஷாப் ஃப்ளோரில் நிற்பவரையும் கேட்பார்கள். மேலே சொல்லும் வருடாந்தர இலக்குக்கும் கீழே இந்த மெஷினில் இன்றைக்குச் செய்யும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள்.

அந்த நூலை உண்டாக்குவதுதான் கடினமான வேலை. மேலிடம் ஒரு இலக்கைச் சொல்கிறது; கீழே உள்ள பிரிவு, இதற்கு இன்னின்ன வேண்டும், இல்லாவிட்டால் முடியாது என்று திருப்பி அனுப்புகிறது; மறுபடி மேலே, மறுபடி கீழே. பந்து பிடித்து விளையாடுவது போல இலக்கு இரண்டு பக்கமும் போய் வந்த பிறகுதான் உறுதியாகும். நம் நிறுவனங்களில் பந்து மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். திருப்பி எறிந்தால் எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர். அப்புறம் அன்றாடப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் நாலைந்து அளவுகள், தினமும் பலகையில் குறிப்பது, கோட்டைத் தாண்டியதற்கு மட்டும் காரணம் எழுதுவது. சலிப்பான வேலை. விருது விழாவில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் உருப்படியாக நடப்பது இதனால்தான்.

விருது வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஃப்ளோரிடா கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக டெமிங் விருது வாங்கியது 1989-இல் ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட் என்ற அமெரிக்க மின்சார நிறுவனம். மின்தடைக்கான காரணங்களை ஒவ்வொன்றாக அளந்து, மரக்கிளை வெட்டுவதிலிருந்து இடி தாங்குவது வரை முறைப்படி வேலை செய்தது. பலனும் இருந்தது. ஆனால் விருதுக்குத் தயாராவதில் ஊழியர்களுக்கு மூச்சு முட்டியது. சின்னப் பிரச்சினைக்கும் ஏழு படி ஆய்வு, அதற்கு ஒரு அறிக்கை, அறிக்கைக்கு ஒரு படம். விருது வந்த கையோடு பொறுப்பேற்ற புதிய தலைவர், ஊழியர்களிடம் விசாரித்துவிட்டுத் தரத்துறையையும் அதன் காகிதங்களையும் பெருமளவு சுருக்கிவிட்டார். தர இயக்கம் தோற்றது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடிக்கையாளருக்காகத் தொடங்கியது வழியில் தேர்வாளருக்காக மாறிப்போனது, அவ்வளவுதான்.

நமக்கு இது நன்றாகவே தெரிந்த நோய். 1987-இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 9000 வரிசைத் தரநிர்ணயம் இன்று பள்ளிக்கூட வாசலிலும் போலீஸ் ஸ்டேஷன் சுவரிலும் பலகையாகத் தொங்குகிறது. அந்தச் சான்றிதழ், பொருள் நல்ல பொருள் என்று சொல்வதில்லை. எப்படி வேலை செய்வோம் என்று வரையறுத்து, அதன்படி செய்கிறோமா என்று பார்க்கும் ஒரு ஏற்பாடு அது. கான்கிரீட்டில் உயிர்காப்பு மிதவை செய்தாலும் முறைப்படி செய்தால் ஐஎஸ்ஓ கிடைக்கும் என்று தொழிலில் ஒரு பழைய கேலி உண்டு. கொஞ்சம் அநியாயமான கேலிதான். ஒழுங்காகச் செய்தால் அந்த ஏற்பாட்டிலும் பயன் உண்டு. ஆனால் ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, மூன்று மாதப் பதிவேட்டை ஒரே பேனாவில் நிரப்புவதைப் பார்த்தவர்களுக்குக் கேலியின் அர்த்தம் புரியும். அந்தப் பதிவேட்டில் எந்தப் புள்ளியும் கோட்டைத் தாண்டாது.

டெமிங், தொல்லைகளில் 94 சதம் அமைப்பைச் சேர்ந்தவை, 6 சதம்தான் தனிக் காரணம் என்று மதிப்பிட்டார். அளந்து கண்டுபிடித்த எண் இல்லை. வாழ்நாள் அனுபவத்தில் சொன்ன கணிப்பு. எண்ணை விட்டுவிடலாம். அதன் பொருளைச் சோதித்துப் பார்த்தது போல ஒன்று கலிஃபோர்னியாவில் நடந்தது.

ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் லீவு, வேலை நேரத்தில் குடி, அடிக்கடி ஸ்டிரைக். கார்களைப் பூட்டும் லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது விதி. குறையுள்ள கார் அப்படியே ஓடிக் கடைசியில் ரிப்பேருக்குப் போகும். 1982-இல் ஆலையை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதையே திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். லைன் ஓரமாக ஒரு கயிறு கட்டினார்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் யாரும் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார். தீராவிட்டால் லைன் நிற்கும். கொஞ்ச காலத்திலேயே அங்கே வந்த கார்கள் ஜப்பானில் செய்த கார்களுக்கு நிகராக நின்றன. லீவு போடுவோர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. 1988-இல் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். குறையை வெளியே சொன்னால் வேலை போகாது என்று தொழிலாளிகள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோகப் பார்த்தது. கயிறு கட்டுவது சுலபம், கட்டினார்கள். ஆனால் எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்துத்தான் மேலாளருக்கு ஊக்கத்தொகை என்ற கணக்கு பல இடங்களில் மாறவில்லை. லைன் நின்றால் அவருக்கு நஷ்டம். இழுத்தவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் யாரும் இழுக்கவில்லை. கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.